அதே படி

விதி என்பது அவளுடைய பெயரல்ல. ஆனால் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டே வருஷக்கணக்காகிறது. விளையாட்டுக்கு விதிமுறை எழுதுகிறவள் என்பதால் ஓவியர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார், அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் "எல்லாம் விதி" என்று அவள் பக்கம் கைகாட்டிவிட்டுப் போகலாம் என்பதால் அவள் கணவனுக்கும் அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவள் எழுதுகிற விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் போர்வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி என்று வேஷம் கட்டாமலே வேஷம் போட்டுக்கொள்வார்கள். விதி கதை சொல்வாள். குகைக்குள்ளே ஏதோ மூச்சு விடுகிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பாள். அவர்கள் செய்வது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். உயிரோடு வெளியே வந்தவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள். மொத்தம் பத்துப் படி. எந்தப் படியில் யாருக்கு என்ன புதிதாகக் கிடைக்கும் என்று தீர்மானிப்பதுதான் அவள் வேலை.

கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கும். ஆறாம் படியில் போர்வீரனுக்கு இரண்டாவது வெட்டு கொடுத்தால் மந்திரவாதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எட்டாம் படியில் மந்திரவாதிக்கு இடியை இறக்கும் வித்தை கொடுத்தால் போர்வீரன் வாளைக் கீழே வைத்துவிட்டு பிஸ்கட் தின்ன ஆரம்பித்துவிடுவார். ஒருவர் ஏறும்போது மற்றவர் கொட்டாவி விடக் கூடாது. இந்த ஒரு வரிக்காக அவள் மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் போடுகிற பதிப்பாளரின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசையில் பகடை தானாக உருளும். அதனால் சோதனை ஆட்டத்தை ஞாயிறு மத்தியானங்களில் விதியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டார்கள். படம் வரைவதோடு பக்கம் அமைக்கிற வேலையையும் பார்க்கும் ஓவியர் போர்வீரன். ஊதினால் விழுகிற உடம்பு, ஆனால் வாளைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பேச்சை நிறுத்தத் தெரியாத பதிப்பாளர் மந்திரவாதி. விதியின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் பூராவும் அடுத்தவர்கள் ஏறி இறங்குவதற்கே உழைக்கிறேன், ஒரு நாளாவது பூட்டை உடைக்கிறேன் என்று திருடனை எடுத்துக்கொண்டான்.

வைத்தியர்தான் யாருக்கும் வேண்டாம். எந்த மேசைக்குப் போனாலும் இதே கதைதான். வெட்ட ஆள் கிடைக்கும், திருட ஆள் கிடைக்கும், கட்டுப்போட ஆள் கிடைக்காது. கடைசியில் கணவன் தன் அக்காவுக்கு போன் போட்டான். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தவர், மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். வந்து உட்கார்ந்தார், மேசையைப் பார்த்தார், மிச்சம் என்ன இருக்கிறதோ அதைக் கொடு என்று வைத்தியரின் தாளை வாங்கிக்கொண்டார்.

விதிக்கு அவர் அண்ணி. கல்யாணமான புதிதில் அண்ணி அவளிடம் 'நீங்க' என்றுதான் பேசினார். ஒன்பது வயது மூத்தவர் வீட்டுக்கு வந்த பெண்ணை 'நீங்க' என்றால் அதற்கு மரியாதை என்று அர்த்தமில்லை. அங்கேயே நில்லு என்று அர்த்தம். மூன்று மாதம் கழித்து ஒருநாள் சமையலறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே "உப்பை எங்க வெச்சிருக்கே?" என்றார். விதி உப்பை எடுத்துக் கொடுத்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் எட்டு வருஷமாக 'நீ'தான். உயிர்ச் சிநேகிதம் என்று சொல்ல முடியாது, சண்டையும் கிடையாது. இரண்டு பேரையும் வாரம் தவறாமல் ஒரே மேசையில் உட்காரவைத்தது இந்த விளையாட்டுதான்.

சோதனை ஆட்டத்துக்கு விதி ஒரு கட்டளை போட்டிருந்தாள். எழுதினவளிடம் யாரும் சந்தேகம் கேட்கக் கூடாது. புத்தகம் வாங்குகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உட்கார்ந்து அவள் விளக்கிக்கொண்டிருக்கவா முடியும்? தாளில் இருப்பதைப் படித்து, புரிந்த மாதிரி ஆடவேண்டியதுதான். அவரவர் தாள் அவரவரிடம். கடைசி வாரம் வரை அவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் ஒரு வரி கருத்து எழுதவேண்டும். பத்து ஞாயிறு, ஞாயிறுக்கு ஒரு படி.

சோதனை தொடங்குவதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. முதலில் புத்தகத்தில் ஏறுவதற்குப் 'படி' கிடையாது. முதல் நிலை, இரண்டாம் நிலை என்றுதான் விதி எழுதியிருந்தாள். பதிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. நிலை என்றால் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். படி என்றால்தான் ஏறுகிற மாதிரி இருக்கிறதாம். சொன்னதோடு விடாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'நிலை' வருகிற இடத்திலெல்லாம் 'படி' என்று ஒரே தட்டில் மாற்றியும் விட்டார். மறுநாள் விதி திறந்து பார்த்தால் குகையின் சூழ்நிலை 'சூழ்படி' ஆகியிருந்தது. அரண்மனைச் சுவரில் 'படிக்கண்ணாடி' தொங்கியது. அடிபட்டவன் நிலைகுலையாமல் 'படிகுலைந்து' விழுந்தான். இருநூறு பக்கத்தையும் சலித்து முப்பத்தேழு இடங்களைத் திருத்தினாள். ஒன்றைக்கூட விடவில்லை என்று அப்போது அவளுக்கு ஒரு பெருமை.

முதல் ஐந்து வாரம் ஆட்டம் களைகட்டியது. நோட்டில் அண்ணி எழுதுகிற வரியைப் படிக்கத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். 'திருடன் பாம்புக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்தினால் என் மருந்துப் பை கொஞ்சம் இளைப்பாறும்' என்று ஒரு வாரம். 'போர்வீரருக்குப் போட்ட கட்டுத்துணியில் ஒரு கப்பலுக்குப் பாய் தைக்கலாம்' என்று இன்னொரு வாரம்.

ஆறாவது ஞாயிறு, இன்றைக்கு எல்லாரும் ஆறாம் படி என்று விதி அறிவித்ததும் நாலு பேரும் தாளைப் பிரித்தார்கள். ஓவியர் இரண்டாவது வெட்டைக் கண்டு கைதட்டினார். அண்ணி தன் தாளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மடித்து வைத்துக்கொண்டார். ஆட்டம் முழுக்கக் கேட்டதற்குப் பதில் சொன்னார், காயம் பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தார். கிளம்பும்போது டீ கப்பைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எங்க வைக்கணும்னு சொல்லுங்க" என்றார்.

சொல்லுங்க. விதிக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அடுத்த வாரமும் 'நீங்க'தான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நோட்டில் நாலு வாரமாக ஒரே வரி: 'சொல்ல ஒன்றுமில்லை.' நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று அவள் கணவனைக் கேட்டாள். அக்காவுக்குக் கால்வலியாக இருக்கும் என்றான். லிஃப்ட் நின்றாலும் மனுஷர் நின்றாலும் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி பட்டனை அமுக்கிப் பார்ப்பது. உள்ளுக்குள் என்னவோ அரித்துக்கொண்டே இருந்தும் விதி கேட்கவில்லை. கேட்டு, அதற்கும் 'ஒண்ணுமில்லீங்க' என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

ஒன்பதாம் வாரத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, பதிப்பாளர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு முடிவோடு அவளைக் கூப்பிட்டார். வைத்தியரைத் தூக்கிவிடலாம் என்றார். ஆடுகிறவருக்கே சொல்ல ஒன்றுமில்லை என்றால் வாங்குகிறவர்களுக்கு என்ன இருக்கப்போகிறது? மருந்துகளைச் சந்தையில் விற்கிற சரக்காக வைத்துவிட்டால் போயிற்று. பக்கமும் மிச்சம். அடுத்த செவ்வாய் ஃபைல் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

விதி நெடுநேரம் வாதாடினாள். வைத்தியர் இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க ஆளே இருக்காது என்றாள். சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் அவள் மனதில் இருந்தது வேறு. வைத்தியர் போனால் அண்ணிக்கு மேசையில் நாற்காலி கிடையாது. நாற்காலி போனால் அந்த 'நீ' இனிமேல் திரும்பி வருவதற்கு வழியே இல்லை. கடைசி ஞாயிறு ஒன்று பாக்கி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எப்படியோ அவரை இறங்கி வரவைத்தாள்.

புதன்கிழமை காலையில் யோசனையில் நாற்காலியில் உட்கார்ந்தவள் தன் மூக்குக் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் ஒரு காதுக்கம்பி வளைந்து வானத்தைப் பார்த்தது. கோணல் கண்ணாடியோடு அண்ணியின் கடைக்குப் போனாள்.

மத்தியான வேளை, கடையில் கூட்டமில்லை. அண்ணி கவுன்ட்டரில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பழைய கண்ணாடி சாய்ந்திருந்ததை வைத்தே அண்ணி, உங்கள் வலது காது கொஞ்சம் மேலே இருக்கிறது என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பெரியவர் எழுபது வருஷமாக எனக்கே தெரியாதே என்று காதைத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணி கண்ணாடியின் கொக்கியை சூட்டில் காட்டி இரண்டு விரலால் வளைத்து மாட்டிவிட்டார். பெரியவர் தலையைக் குனிந்தார், ஆட்டினார்; கண்ணாடி நகரவில்லை. இதற்கிடையில் பின்னறையிலிருந்து மேலாளர் ஒரு சீட்டோடு வந்து ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணியிடம்தான் அவர் தொழில் கற்றுக்கொண்டார் என்பது விதிக்குத் தெரியும்.

"வாங்க" என்றார் அண்ணி. கண்ணாடியை வாங்கிப் பார்த்து, எப்படி என்று கேட்காமலே வேலையை ஆரம்பித்தார்.

விதி தன் கட்டளையைத் தானே மீறினாள். கடைசி வாரம் வந்துவிட்டது, தாளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். வைத்தியரின் தாள் அதற்குள் நாலாக மடிந்து கிடந்தது. விதி கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துப் படித்தாள். பென்சிலில், அழகான கையெழுத்தில், படி: 5. மருந்துகள்: ஐந்து.

"எல்லாரும் ஒன்பதுல இருக்காங்க. நீங்க ஏன் அண்ணி அஞ்சுலயே நிக்கிறீங்க?"

"நீங்க எழுதினபடிதான்" என்று சொல்லி அண்ணி தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் வைத்தியரின் படிகள் அச்சாகியிருந்தன. ஐந்தாம் படிக்கு எதிரே 'ஒரு புது மருந்து, அடி தாங்க ஒரு உயிர்ப் பகடை' என்று இருந்தது. ஆறுக்கு எதிரே குறுகலான கட்டத்தில் ஒரு வரியில் 'அதே', அதற்குக் கீழே 'படி'. ஏழுக்கும் அப்படியே. எட்டுக்கும் ஒன்பதுக்கும் அப்படியே.

விதிக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. ஐந்தில் கிடைத்ததே அடுத்த நாலிலும் கிடைக்கும், மேலே உள்ளது போலவே என்ற அர்த்தத்தில் 'அதேபடி' என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தாள். எழுதிய அன்றைக்குப் புத்தகத்தில் இருந்தது நிலைதான், படி இல்லை. நிலையெல்லாம் படியானபோது அவள் மாறின சொற்களைத் தேடித் தேடித் திருத்தினாள். மாறாமல் உட்கார்ந்திருந்த சொல்லை யார் தேடுவார்கள்? அதன்பிறகு ஓவியர் அதை ஒரு சந்துக் கட்டத்துக்குள் அடைக்க, சொல் நடுவில் உடைந்து, அண்ணியைப் பார்த்து நாலு முறை, நீ அதே படி, நீ அதே படி என்று சொல்லிவிட்டது.

விதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் இவ்வளவுதானா என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு அது. நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. கண்ணாடியின் குட்டித் திருகாணியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சாடையா எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் எதுக்கு அண்ணி உங்களைச் சாடை பேசப்போறேன்?"

"அதுக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது கேட்டீங்களே."

என்ன கேட்டோம் என்று விதி யோசித்தாள். ஞாபகம் வந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, 'இன்னும் அதே கவுன்ட்டர்தானா அண்ணி?' என்று கேட்டிருந்தாள். கேட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறே அச்சிலும் அதே பதில் வந்தால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? சந்தேகமும் கேட்கக் கூடாது என்று இவளே வாயை அடைத்தும் வைத்திருந்தாள்.

"அந்தக் கேள்வி நான் கேட்டதுதான். கேட்டிருக்கக் கூடாது அண்ணி."

"கேட்டதுல தப்பில்ல. பதிலுக்கு நிக்கலையே."

விதி இப்போது நின்றாள். அண்ணி கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், துணியால் துடைத்தார்.

"மேலாளர் ஆகுறீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. உள்ள உக்காந்தா முகம் பாக்க முடியாதே, நான்தான் வேணாம்னேன். மூணாவது தடவை கேக்கவே இல்ல. அந்தத் தடவைதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, உங்க அர்த்தத்துலயே பாப்போம். போர்வீரனுக்கு ஆறாம் படிக்கு யோசிச்சிருக்கீங்க, ஏழாம் படிக்கு யோசிச்சிருக்கீங்க. என் தம்பிக்கு நிழல்ல மறையற வித்தை, சுவர்ல ஏறுற வித்தை. எனக்கு மட்டும் மேல பாத்துக்கோன்னு விட்டுட்டீங்க. ரெண்டு அர்த்தமும் ஒரே எடத்துலதானே வந்து நிக்குது?"

அது நிஜம். இந்த வைத்தியருக்காக பதிப்பாளரிடம் மல்லுக்கு நின்றவள், அதே வைத்தியருக்கு யோசிக்கும் நேரம் வந்தபோது அலுத்துப்போய் ஒரு சொல்லைப் போட்டு நாலு கட்டத்தை மூடியிருந்தாள். கட்டுப்போடுகிறவளுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்திருந்தாள். அண்ணி கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டி, காதோரம் லேசாக அழுத்திவிட்டார். எட்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்த இடது காதில் இப்போது உறுத்தலே இல்லை. அதைக்கூடச் சொல்லாமல் வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த மூன்று நாளும் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். கணவன் இரண்டு தடவை சோற்றைக் குழைத்துவிட்டு, விதியே என்று அதைச் சாப்பிட்டான்.

ஞாயிறு வந்தது. பதிப்பாளர் நோட்டும் கையுமாக, இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர் முகத்தோடு உட்கார்ந்தார். அண்ணியும் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விதி முதலில் எல்லாருக்கும் முன்னால் நடந்த பிழையைச் சொன்னாள். தன் பிழை என்றும் சொன்னாள். ஓவியர், கட்டத்தைக் குறுக்கினது நான்தானே என்று தலையைச் சொறிந்தார். பதிப்பாளர், நிலையைப் படியாக்கினது யார் என்ற பேச்சு வருவதற்குள் இருமிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிறகு விதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கடைசி நாலு வாரத்தில் எத்தனை பேர் செத்தீர்கள்? ஒருவரும் இல்லை. அந்த நாலு வாரமும் வந்த மிருகங்களும் பூதங்களும் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதாம் படி ஆட்களை அடித்துச் சாய்க்கவென்று அளந்து வைத்தவை. கணக்குப்படி வாரத்துக்கு ஒருவராவது போயிருக்கவேண்டும். ஐந்தாம் படியில் நின்றுகொண்டு, ஐந்தே மருந்தை வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது எது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்து, இந்த மூன்று பேரையும் அண்ணி உயிரோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

பதிப்பாளர் நோட்டைப் புரட்டினார். ஏழாம் வாரம் பூதத்தின் கையில் தான் நசுங்காமல் தப்பியதைத் தன் சாமர்த்தியம் என்று நோட்டில் எழுதியிருந்ததைத் திரும்பப் படித்து மூக்கைத் தேய்த்துக்கொண்டார். வைத்தியர் இருக்கட்டும் என்றார். ஆனால் புதிதாக எழுதியிருக்கிறாயே, பக்கத்துக்கு எங்கே போவது என்றார். உங்கள் முன்னுரை ஒன்றரைப் பக்கம் இருக்கிறதே என்றாள் விதி. அவர் நெஞ்சில் கைவைத்தார். கொஞ்சம் பொறுத்துச் சரி என்றும் தலையாட்டினார்.

விதி புதுத் தாளை அண்ணியின் முன் வைத்தாள். ஆறாம் படி: காயத்தைக் கண்டதுமே பகடை உருட்டாமல் அதன் ஆழம் தெரியும். ஏழாம் படி: சண்டையின் நடுவிலும் கட்டுப்போடலாம், கை நடுங்காது. எட்டாம் படி: அடி விழுமுன்பே மருந்து கொடுத்து வைக்கலாம். அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறாம் படியைப் படிக்கும்போது மட்டும் நிமிர்ந்து விதியைப் பார்த்தார். கடையில் அந்தப் பெரியவரின் காதிலிருந்துதான் விதி அதை எடுத்தாள் என்று அவர் கண்டுபிடித்துவிட்டது தெரிந்தது.

ஒன்பதாம் படியை விதி வாய்விட்டுப் படித்தாள். அந்தப் படியில் வைத்தியருக்கு வழி இரண்டாகப் பிரிகிறது. தலைமை வைத்தியராகி எல்லாருடைய மருந்தையும் ஆளலாம். அல்லது கூட்டத்தோடு நடந்து தன் கையாலேயே மருந்து கொடுக்கலாம். இரண்டுமே ஏற்றம்தான், இரண்டுக்கும் தனித்தனிப் பலன் உண்டு. ஆனால் மேசையில் இருக்கிற ஒவ்வொருவரும் வைத்தியரை வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை யாரும் பகடையைத் தொடக் கூடாது.

இது என்ன விதி என்று பதிப்பாளர் முனகினார். ஆனாலும் முதலில் கேட்டவர் அவர்தான். தலைமை ஏற்கிறீர்களா வைத்தியரே என்று நாடகக்காரர் குரலில் கேட்டார். ஓவியர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தம்பி, "வேணுமாக்கா?" என்று சின்னக் குரலில் கேட்டான். கடைசியாக விதி.

"உங்களுக்கு வேணுமா அண்ணி?"

அண்ணி தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மேசை நடுவில் பகடைகள் கிடந்தன. பழக்கதோஷத்தில் பதிப்பாளரின் கை அந்தப் பக்கம் நகர்ந்தது. ஓவியர் அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். விதி நின்றாள். எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"வேணும்" என்றார் அண்ணி.

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். தாளில் ஐந்தை அழித்து ஒன்பது என்று எழுதினார். பிறகு விரலைக் கீழே நகர்த்தினார். பத்தாம் படியின் கட்டம் காலியாக இருந்தது.

"இது என்ன, ஒண்ணுமே இல்ல?"

அங்கே என்ன வரவேண்டும் என்று இன்னும் தெரியவில்லை, தெரியாமல் எதையாவது போட்டு மூட மனசு வரவில்லை என்றாள் விதி.

"யோசிச்சு எழுது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நேரம் இருக்கில்ல? நாளைக்குச் சாயங்காலம் கடை முடிஞ்சதும் வரேன், சேந்தே யோசிப்போம்."

எழுதுங்க இல்லை, எழுது. விதிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். பத்தாம் படிக்குத் தாளில் புதிதாக ஒரு கட்டம் வரைய ஆரம்பித்தாள். அண்ணி பக்கத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டத்தைக் கொஞ்சம் அகலமாப் போடு" என்றார்.